இருபத்தேழு வயதில் நான்கு பட்டை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் இருபத்தேழு வயதில் நான்கு பட்டை போட்ட விமானக் கேப்டன் ஆன செய்தியை முதல் வரியிலேயே சொல்லாமல், மூட்டுவலி, வீட்டு மராமத்து எல்லாம் முடித்துவிட்டு மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறாயே, உன் குணம் மாறவே மாறாது! அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். பயிற்சிக் கட்டணம் கட்ட நீ பட்ட பாடு எனக்குத் தெரியும் என்பதால் உனக்கும் தனியாக ஒன்று.

என் பக்கம் பெரிய விசேஷமில்லை. அறுபதைத் தாண்டியதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் முன்னால் நிற்கிறேன். அடுத்த வருடம் 65. அதற்குமேல் பன்னாட்டு விமானங்களில் பைலட்டாக உட்கார விதி இடம் தராது. அவள் ஏறும்போது நான் இறங்குகிறேன், அவ்வளவுதான்.

"இந்த வயதுப் பெண்ணை நம்பி அத்தனை பேர் ஏறுவது சரிதானா? நண்பனாக இல்லாமல் பைலட்டாகச் சொல்" என்று கேட்டிருக்கிறாய். சரி, பைலட்டாகவே சொல்கிறேன்.

சின்ன வயதில் கேப்டன் ஆவதைப் பத்திரிகைகள் மேதைமை என்று எழுதுகின்றன. பாதிக்கு மேல் அது கம்பெனியின் வளர்ச்சி. பழைய பெரிய நிறுவனங்களில் சீனியாரிட்டி பட்டியல்தான் எல்லாம். மேலே இருப்பவர் ஓய்வு பெற்றால்தான் கீழே இருப்பவர் நகர முடியும். எவ்வளவு கெட்டிக்காரனானாலும் துணை பைலட் உட்காரும் வலது இருக்கையிலேயே பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிடும். புது விமானங்களை வாங்கிக் குவிக்கும் நிறுவனத்தில் அதே ஆள் ஐந்தாறு வருடத்தில் கேப்டன் உட்காரும் இடது பக்கம் வந்துவிடுவான். 2016-இல் பிரிட்டனின் ஈஸிஜெட் விமான நிறுவனத்தில் கேட் மெக்வில்லியம்ஸ் என்ற பெண் 26 வயதில் கேப்டன் ஆனபோது உலகமே பேசியது. அவர் அங்கே சேர்ந்தது 21 வயதில். என் கம்பெனியில் என் காலத்தில் சேர்ந்திருந்தால், அவரும் என்னைப் போல நரை விழும்வரை காத்திருந்திருப்பார். (பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கலாம்.)

அதற்காக நான்கு பட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. கேப்டனுக்கு வேண்டிய லைசென்ஸுக்கே பன்னாட்டுத் தரப்படி 21 வயதும் 1,500 மணி நேரப் பறத்தலும் ஆகியிருக்க வேண்டும்; அமெரிக்காவில் முழு லைசென்ஸுக்கு 23 வயது. அது வாசல்தான். பிறகு சிமுலேட்டர், பயிற்சி கேப்டன் பக்கத்தில் இருக்க நிஜப் பயணங்கள், கடைசியில் லைன் செக் என்கிற, நிஜப் பயணத்திலேயே நடக்கும் தேர்வு. இவ்வளவும் சோதிப்பது விமானம் ஓட்டத் தெரியுமா என்பதை அல்ல. ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை பைலட்டாக இருந்தபோதே ஏறக்குறையப் பாதிப் பயணங்களை அவள்தான் ஓட்டியிருப்பாள். பின்னால் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

இடது இருக்கையில் புதிதாக வந்து சேர்வது முடிவெடுக்கும் பொறுப்பு. போய்ச் சேர வேண்டிய இடத்தில் புயல் மழை. வட்டமடிக்க எரிபொருள் இன்னும் இருபது நிமிடத்துக்குத்தான். பணிநேர வரம்பு நெருங்குகிறது. முன்னால் போன விமானம் எப்படியோ இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் "டைவர்ட்", வேறு விமான நிலையத்துக்குப் போகலாம் என்று சொல்ல வேண்டும். யாரும் கைதட்ட மாட்டார்கள், பயணிகள் திட்டுவார்கள். இதைச் சொல்லத் தெரிந்தவர்தான் கேப்டன்.

வயது இதைத் தானாகக் கொண்டுவந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் இழக்கிறது என்று கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் தண்டைத் தன் பக்கம் இழுத்த கேப்டனுக்கு வயது 47. அந்த விபத்துக்குப் பிறகு அங்கே ஃபர்ஸ்ட் ஆபீசர்களுக்கும் 1,500 மணி நேரம் வேண்டும் என்று விதி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த காக்பிட்டில் இருந்த இருவருக்குமே அதைவிட அதிக மணி நேரம் இருந்தது.

இன்னும் பழைய கதை, 1977-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் கேஎல்எம், பான்ஆம் நிறுவனங்களின் விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டது. இறந்தவர்கள் 583 பேர். கேஎல்எம் விமானத்தின் கேப்டன் வான் சான்டென், ஐம்பது வயது, கம்பெனியின் 747 பயிற்சிக்கே தலைவர். அனுமதி வராமலே மூடுபனியில் விமானத்தைப் புறப்பாட்டுக்கு ஓட்டத் தொடங்கினார். பான்ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினீயர் சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டனிடமிருந்து அழுத்தமாகப் பதில் வந்ததும் யாரும் மேலே பேசவில்லை. அத்தனை பெரிய ஆளிடம் இரண்டாவது முறை யார் கேட்பது?

உன் மகளிடம் கேட்பார்கள். சின்ன வயதுக் கேப்டனுக்கு இது ஒரு வரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவள் தவறினால் வலது பக்கத்தில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார்.

கவலைப்பட வேறு இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அனுபவம் குறைந்த இருவர் ஒன்றாக உட்காருவது. அமெரிக்காவில், ஓட்டுகிற அதே வகை விமானத்தில் இருவரில் ஒருவருக்காவது 75 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒழுங்கான கம்பெனி ரோஸ்டர் (பணி அட்டவணை) போடும்போது இதைப் பார்த்துக்கொள்ளும். மற்றது, வயதும் பதவியும் தலைகீழாக இருப்பது: வலது பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர், விமானப் படையிலிருந்து வந்தவராகக்கூட இருக்கலாம். அவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். பயிற்சியில் நான் பார்த்த இளைஞர்கள் சிலர் இந்த இடத்தில் எல்லோரையும் கேட்டுக்கொண்டே நேரத்தை விடுவார்கள். சிலர் பட்டையைக் காட்டிக் குரலை உயர்த்துவார்கள். தேறுகிறவர்கள், தன் எண்ணத்தை முதலில் சொல்லாமல் "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டு, பதிலை முழுதாகக் காதில் வாங்கி, பிறகு முடிவைத் தாங்களே சொல்வார்கள். உன் மகள் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளை லைன் செக்கில் தேர்ச்சி தந்த கேப்டன் இதைத்தான் முதலில் பார்த்திருப்பார்.

ஆகவே பதில்: ஏறுவேன். அடுத்த மாத ரோஸ்டர் வந்ததும் அவள் பறக்கும் தடங்களை எழுது, பயணியாக ஒரு டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன். நான் வருவதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. இறங்கிய பிறகு பார்த்துக்கொள்கிறேன். நீயும் கூட வருவதானால் ஜன்னல் இருக்கை எனக்கு.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்