பருப்பை ஏன் நிறுத்தினாய்?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உனக்குச் சோயா ஒவ்வாமை என்பதற்காகப் பருப்பு, கடலை, பட்டாணி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாயாமே? சோயாவும் அவையும் ஒரே தாவரக் குடும்பம் என்று உன் அறைத்தோழி சொன்னாளாம். குடும்பம் ஒன்றுதான் அம்மா. ஆனால் சோயா ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோர் மற்ற பயறுகளைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் வேர்க்கடலைக்கும் லேசாகக் காட்டலாம். பரிசோதனையில் காட்டுவது வேறு, சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாமல் போவது வேறு. சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு உனக்கு ஒன்றும் செய்யாத பருப்பை இப்போது தள்ளிவைத்தால், புரதத்துக்கு எங்கே போவாய்?

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்து வைத்துக்கொள். காய்ந்த சோயா நூறு கிராமில் ஏறக்குறைய 36 கிராம் புரதம், 20 கிராம் எண்ணெய். உன்னைப் படுத்துவது அந்தப் புரதம். நன்றாகச் சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் அநேகமாக மிஞ்சுவதில்லை. அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒவ்வாமை லேபிள் சட்டம் அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. சுத்திகரிக்காமல் பிழிந்த எண்ணெய்க்கு அந்த நம்பிக்கை கிடையாது. சாக்லேட்டில் வரும் சோயா லெசித்தினில் (கலவை பிரியாமல் இருக்கச் சேர்ப்பது, இ322 என்றும் போட்டிருப்பார்கள்) புரதம் மிகக் கொஞ்சம்; பலருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. சுத்திகரித்த எண்ணெயும் லெசித்தினும் உனக்கு ஒத்துவருமா என்பதை மட்டும் மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டு முடிவு செய்துகொள்.

டோஃபு (சோயா பனீர்), சோயா பால், சோயா சாஸ் எல்லாம் பெயரிலேயே தெரிந்துவிடும். மிசோவும் டெம்பேயும் புளிக்கவைத்தவை என்பதால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே, புளித்தாலும் அது சோயாதான். சூப் பொடி, டின் மீன், சாசேஜ், ரொட்டி ஆகியவற்றில் ஒளிந்துகொண்டு வருவதுதான் தொல்லை. 'ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்று பார்த்தால் எந்தச் செடியின் புரதம் என்று தெரியாமல் வாயில் வைக்காதே. புரோட்டீன் பவுடரும் இறைச்சி இல்லாத பர்கரும் இன்னும் மோசம், ஒரே தடவையில் நிறைய உள்ளே போய்விடும். வழக்கமாக வாங்குகிற பொருள்தானே என்று விடாதே. சத்தமில்லாமல் சேர்மானத்தை மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் பாக்கெட்டைத் திருப்பிப் படி.

சரி, ஊசி விஷயத்துக்கு வருகிறேன். எபிநெஃப்ரின் பேனா, அதாவது ஒவ்வாமை கடுமையானால் உடனே குத்திக்கொள்ளும் அந்த மருந்து ஊசி, பீரோவில் இருந்து பயனில்லை, கைப்பையில் இருக்க வேண்டும். மூச்சு இழுத்தாலோ, தொண்டை அடைத்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ யோசிக்காதே. தொடையின் வெளிப்பக்கம், துணிக்கு மேலேயே குத்தலாம். அரிப்புக்குப் போடும் மாத்திரை இந்த இடத்தில் காப்பாற்றாது, அதைப் போட்டுவிட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடாதே. குத்தியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள், மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்கார். எழுந்து நடக்காதே. குறையாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது ஊசி, ஆகவே எப்போதும் இரண்டாக வைத்திரு. சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வருவது உண்டு. இதையெல்லாம் அந்த அறைத்தோழிக்கும் சொல்லிக்கொடு. குடும்பம் பற்றி இவ்வளவு தெரிந்தவள் ஊசி போடவும் தெரிந்துகொள்ளட்டும்.

நண்பர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் போ. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, 'பசியில்லை' என்று மூலையில் உட்காராதே. சமைக்கிறவரிடமே நேராகக் கேள்; பரிமாறுகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

சோயா ஒவ்வாமை நிறையப் பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் விட்டுப்போகும். உனக்குப் போகவில்லை. அதற்காக இனிமேல் போகவே போகாது என்றும் இல்லை. அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கும்போது மறுபடி பரிசோதிக்கலாமா என்று கேள். நீயாக ஒரு வாய் தின்று பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், அதை மருத்துவர் கண் முன்னால்தான் செய்ய வேண்டும்.

பேனாவில் காலாவதித் தேதி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது. நாளைக்கே பருப்பை அடுப்பில் வை.

அன்புடன்,
அப்பா