சுண்ணாம்பு மலைக் கணக்கு குடியத்துக்குச் செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்தியதரைக் கடலோரத்துச் சுண்ணாம்புக்கல் மலைகள், ஆலிவ் தோப்புகள், ஆற்றங்கரைப் பாதைகள் வழியே நடைப்பயணம் திட்டமிடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை அந்த ஊர்களைப் பொறுத்தவரை சரிதான். 'இதே முறையில் நம் ஊர் மலைகளுக்கும் கிளம்பலாம்' என்று முடித்திருப்பதுதான் இடிக்கிறது. அதை நம்பி வடசென்னையிலிருந்து திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டி ஏரி, குடியம் குகை பக்கம் கிளம்புகிறவர்கள் பாதி வழியில் தண்ணீர் தீர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

முதலில் நேரக் கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று கட்டுரை சொல்வது, ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892இல் குளிர்ந்த மலைகளை வைத்துப் போட்ட கணக்கு. குடியம் குகைக்குப் போக வரப் பத்து கிலோமீட்டருக்குள்தான், ஏற்றமும் பெரிதாக இல்லை. அந்தக் கணக்குப்படி இரண்டரை மணி நேரத்தில் முடிய வேண்டும். உண்மையில் உட்கார்ந்து எழுந்து போக நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பழக்கமில்லாத ஒருவர் இருந்தால் ஐந்து.

காரணம் காலடியில் இருக்கிறது. குடியம் குகை இருக்கும் அல்லிக்குழி மலைத்தொடர் சுண்ணாம்புக்கல் அல்ல. முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டைக் கற்களை மண்ணில் குழைத்துப் பூசி இறுக வைத்தது போன்ற பாறை அது. மழையில் பூச்சு கரைய, கற்கள் உதிர்ந்து பாதை முழுக்கக் கோலிக்குண்டு கொட்டினாற்போல் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கல் நனைந்தால் வழுக்கும், இந்தக் கல் காய்ந்திருக்கும்போதே உருளும். குதிகாலை முதலில் ஊன்றினால் கல்லோடு காலும் போகும். நடை எட்டைக் குறுக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதையும் ஒரே சமயத்தில் வைக்க வேண்டும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் திரும்பும் வழியில்தான். களைத்த கால் எட்டை நீட்டிப் போடும்.

அந்தக் கற்களைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கற்கால மனிதர்கள் கருவிகள் செதுக்கியது குவார்ட்சைட் என்னும் இந்தக் கெட்டியான உருண்டைக் கற்களில்தான். 1863இல் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்திலும் பிறகு பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கைக்கோடரிகளைக் கண்டெடுத்ததிலிருந்து உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இந்தப் பகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இலைபோல் இருபுறமும் செதுக்கிய கல் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விடுங்கள். அது எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதுதான் செய்தி. வீட்டு ஷோகேஸில் அது வெறும் கல். பக்கத்தில் நின்று பார்க்கும் ஆசை இருந்தால் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, போகும் வழிதான்.

தண்ணீர். சுண்ணாம்பு மலையில் மழைநீர் வெடிப்புகள் வழியே இறங்கி அடிவாரத்தில் ஊற்றாக வரும். அதை ஒட்டி ஊர், ஊருக்கு ஒரு குழாய். 'ஒரு லிட்டர் போதும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம்' என்று கட்டுரை சொல்ல முடிந்தது அதனால்தான். இங்கே ஊரைத் தாண்டினால் புதர்க்காடு மட்டும். ஆளுக்கு 3 லிட்டர், அதில் ஒரு லிட்டர் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு சர்க்கரை தலை தட்டி ஆறு டீஸ்பூன், உப்பு தலை தட்டி அரை டீஸ்பூன். உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் வாந்திதான் வரும். ஒன்றரை லிட்டர் முடிந்த இடம் எதுவோ அதுதான் திரும்பும் இடம், குகை கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, கடலை மிட்டாய். தயிர்சாதம் அந்தப் புழுக்கத்தில் பத்து மணிக்கே புளித்துவிடும்.

செருப்பு கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மெத்தென்ற ஓட்டப்பயிற்சி ஷூவும் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. சீமைக்கருவேல முள் அந்த நுரை அடியை ஊசிபோல் துளைத்து உள்ளங்காலில் நிற்கும். அடி கெட்டியான ரப்பர் ஷூ வேண்டும். மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலை செய்கிறவர்கள் கம்பெனி சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு வருவதுண்டு. முள் ஏறாது, ஆனால் இறக்கத்தில் கால் முன்னுக்குச் சரிந்து இரும்பு முனையில் இடித்து நகம் கறுத்துவிடும். முள் எடுக்கப் பையில் ஒரு சாமணம் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் இல்லவே இல்லாத விஷயம் மலைத்தேனீ. குகையின் மேல்கூரையிலும் வெளிப்பாறையிலும் பெரிய அடைகள் தொங்கும். கூச்சல், புகை, சென்ட், தலைக்கு மேல் பறக்கும் ட்ரோன் எல்லாமே ஆபத்து. குகை வாசலுக்கு முன்பே பேச்சை நிறுத்திக்கொண்டு, நிமிர்ந்து ஒரு தடவை கூரையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டியதுதான். கொடுக்கைக் கிள்ளி எடுத்து நேரத்தை விடாமல் நகத்தாலோ ஏ.டி.எம். அட்டையாலோ உடனே வழித்துவிடுங்கள். பாம்பு கடித்தால் ரத்தம் ஓடாதபடி இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் ஒரு கொம்போடு சேர்த்துக் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து 108ஐக் கூப்பிட வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும். காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது என்பதால், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆற்றங்கரைக்கு வருவோம். கட்டுரையில் வரும் ஆறுகளுக்குக் கரையோரப் பாதை, கைப்பிடி, பலகை எல்லாம் உண்டு. நம் கொசஸ்தலை ஆடியில் மணல்வெளி, கார்த்திகையில் வெள்ளம். அதன் குறுக்கே உள்ள பூண்டி ஏரியின் முழு மட்டம் 35 அடி. நீர்மட்டம் அதை நெருங்கினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள், அது மணலி, எண்ணூர் வழியாகக் கடலுக்கு வரும். ஒதப்பைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற மழைக்காலங்கள் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை ஆற்றுக்குள் இறங்கும் திட்டமே வேண்டாம், கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்த பிறகும் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. மேலே முழங்கால் அளவு, அடுத்த அடியில் ஆள் முழுகும் ஆழம். கம்பால் குத்திப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். பூண்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கிருஷ்ணா கால்வாய்க் கரை சமமாக இருப்பதால் நடக்க ஆசை வரும். அதன் சாய்ந்த சிமென்ட் சரிவில் பாசி பிடித்திருக்கும், விழுந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாது. குளிக்கவும் கை கழுவவும் அதில் இறங்கவே கூடாது.

அனுமதி வாங்குவது சம்பிரதாயம் அல்ல. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட பிறகுதான் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு 40 நடை வழிகளுக்கு இணையப் பதிவைத் தொடங்கியது, அவற்றில் குடியமும் ஒன்று, வழிகாட்டியும் உடன் வருவார். 2025இல் தீ அபாயத்துக்காகப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை வழிகளை மூடினார்கள். ஆக, நமக்குத் தோதான காலம் தை பிறந்து மாசி தொடங்கும் வரை, அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் ஊர் திரும்புவது போல் வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர், வியாசர்பாடி ஜீவாவில் இருப்பவர்களுக்குத் திருவள்ளூர் மின்சார ரயில் நேரே இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் பேசின் பிரிட்ஜில் மாற வேண்டும். திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குப் பேருந்து கிடைக்கும். குடியத்துக்குள் போகிற வண்டி எப்போதாவதுதான், திரும்பும் ஆட்டோவை இறங்கும்போதே பேசி வைத்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் பூண்டியின் நீர்மட்டத்தையும் திறந்துவிடும் கனஅடியையும் உங்கள் நாளிதழ் உள்பக்கத்தில் போடுகிறது. அதே இரண்டு வரியைச் சனிக்கிழமைச் சுற்றுலாப் பக்கத்தின் மேல் மூலையிலும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
விடுமுறை நாள் நடையர்கள்,
வியாசர்பாடி, சென்னை - 39