பதினொரு பேர் படிக்கும் வகுப்பில்

கோபிசெட்டிபாளையம்,
பங்குனி, ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்துக் காயவைக்கும் வேலையும், கல்லூரியில் முதுநிலை மாணவர்களிடம் கருத்துக் கேட்கும் வேலையும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததால், உட்கார்ந்து பதில் எழுத இன்றுதான் முடிந்தது. அம்மா நலமாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

பிரிட்டனில் உங்கள் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களின் படிப்பு அனுபவத்தைக் கேட்டறியும் கருத்துக்கணிப்பை நடத்தும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கு 2005 முதல் அங்கே நடந்துவரும் தேசியக் கணிப்பின் முடிவுகள் ஊரறிய வெளியாகின்றன என்பதும், 2009-இல் தொடங்கிய முதுநிலைக் கணிப்பில் விருப்பமுள்ள பல்கலைக்கழகங்கள் மட்டும் சேர்கின்றன, தனித்தனி முடிவுகள் அந்தந்த நிறுவனத்தின் கையிலேயே இருந்துவிடுகின்றன என்பதும் உன் கடிதத்தைப் படித்த பிறகே எனக்குத் தெளிவாக விளங்கின. உண்மையைச் சொன்னால் எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது. முடிவு வாசலைத் தாண்டிப் போகாது என்று தெரிந்தால், குறையைக் கேட்க நிர்வாகத்துக்கும் துணிவு வரும், சொல்ல மாணவருக்கும் வாய் வரும்.

இங்கே நிலைமை வேறு. தேசியத் தர மதிப்பீட்டுக் குழு, நாம் எல்லோரும் 'நாக்' என்று சொல்வது, 2017-இல் கொண்டுவந்த புதிய முறையில் மாணவர் திருப்திக் கணிப்புக்கும் மதிப்பெண் வைத்தது. பட்டியலிட்ட 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், கடைசியில் மூன்று யோசனைகளை எழுதச் சொல்லும் 21-ஆவது கேள்வி. கேள்விகளில் எனக்குக் குறையில்லை. பாடத்திட்டத்தில் எத்தனை விழுக்காடு வகுப்பில் நடத்தப்பட்டது என்பதில் தொடங்கி, அகமதிப்பீடு நியாயமாக நடக்கிறதா என்பது வரை கேட்கவேண்டியதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த விடை கல்லூரியின் தரநிலையில் போய்ச் சேர்கிறது என்று தெரிந்தவுடன், மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து எப்படி நிரப்பவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. அந்தப் பழக்கம் கல்லூரிக்குள் நாங்களே நடத்தும் கருத்துக் கேட்பிலும் புகுந்துவிடுகிறது. புள்ளியியல் படித்த நம் இருவருக்கும் இதைவிட வருத்தம் தரும் காரியம் வேறு என்ன இருக்கிறது?

சென்ற ஆண்டு நடந்ததை உனக்கு நான் எழுதவில்லை. கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் அக தர உறுதிப் பிரிவின் பொறுப்பை ஏற்ற புதிதில், முதுநிலை இரண்டாமாண்டு மாணவர்களுக்குக் கூகுள் படிவம் ஒன்றை அனுப்பினேன். பெயர் எழுதவேண்டியதில்லை என்று முதல் வரியிலேயே போட்டிருந்தேன். கணிதத் துறையில் பதினொரு பேர். பதினொரு பேரும் விடையளித்திருந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் 'மிக நன்று'. விடைகள் பதிவான அட்டவணையைத் திறந்து நேரத்தைப் பார்த்தேன். முதல் விடை 11.42-க்கு, கடைசி விடை 11.46-க்கு. அன்று கணினி ஆய்வகத்தில் துறை ஆசிரியர் ஒருவர் நின்றுகொண்டிருக்க, வரிசையாக உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பை நான் அணைக்க மறந்திருந்தேன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெயரோடு சேர்ந்த முகவரியை வாங்கியிருக்கிறேன். நூற்றுக்கு இருபத்தைந்து மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும்போது, அந்தப் பிள்ளைகள் வேறு எப்படி விடையளிப்பார்கள்? அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தங்களைக் காத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எனவே இந்த ஆண்டு காகிதத்துக்கே திரும்பினேன். கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, வகுப்பில் கொடுக்காமல், வீட்டுக்கு எடுத்துச் சென்று நிரப்பி மூன்று நாளுக்குள் நூலக வாசலில் உள்ள பெட்டியில் போடச் சொன்னேன். அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் பெட்டி திறக்கப்படும் என்று எழுதிக் கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடு ஒட்டினோம். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, எழுதியவற்றை எல்லாம் நானே இரவில் தட்டச்சு செய்துவிட்டுத் தாள்களைக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். விடையளித்தவர்கள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. துறைத்தலைவர்கள் சிலருக்கு அதில் மனக்குறை. எனக்கு இல்லை. ஈரோட்டு ஏலத்துக்கு மஞ்சள் கொண்டுபோகும்போது அப்பா சொல்வாரே, மேலாகப் பார்த்தால் விரலி மஞ்சள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், வியாபாரி ஒடித்துப் பார்த்துத்தான் விலை சொல்வார் என்று. சென்ற ஆண்டு எனக்கு மூட்டை நிறைய வந்தது, ஒடித்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

இந்த ஆண்டு வந்த தாள்களில் ஒன்றைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். பென்சிலால், எழுத்தை அழுத்தாமல் எழுதியிருந்தது. நூலகம் நன்றாக இருக்கிறது, ஆனால் வகுப்பு முடிவது நான்கு மணிக்கு, அந்தியூர்ப் பக்கம் போகும் பேருந்து 4.20-க்கு, இரண்டு ஆண்டில் ஒருமுறைகூட நூலகத்தில் உட்கார்ந்து படித்ததில்லை என்று நான்கு வரி. அதற்குக் கீழே, அழித்துவிட்டு மறுபடி எழுதிய ஒரு வரி: 'இது குறை இல்லை மேடம்'. நூலக வசதிக்கு அந்தத் தாளில் 'மிக நன்று' என்றே குறியிட்டிருந்தது. அந்தப் பெண்ணோ பையனோ, யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் நூலகத்துக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுப் போயிருப்பேன். வாரத்துக்கு இரண்டு காலை வேளைகளை முதுநிலை வகுப்புகளுக்கு நூலக நேரமாக ஒதுக்கக் கேட்டேன்; முதலாமாண்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாமாண்டுக்கு இனி வகுப்பே மூன்று வாரம்தான். சொன்னவருக்குப் பயன் கிடைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உங்களுக்கோ படிப்பே ஓராண்டு. கணிப்பு முடிந்து அறிக்கை எழுதுவதற்குள் பெரும்பாலோர் ஆய்வேட்டில் மூழ்கியிருப்பார்கள், பிறகு ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்கள் இருக்கும்போதே செய்து காட்ட முடிகிற சிறு காரியங்களையாவது, முழு அறிக்கைக்குக் காத்திருக்காமல், உடனே பிரித்தெடுத்துச் செய்ய உன் அலுவலகம் இடம் தருமா?

பரிசுக் கூப்பன் குலுக்கல் வைத்ததில் விடையளிப்போர் விழுக்காடு உயர்ந்ததாக எழுதியிருந்தாய். உன் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக எண்ணாதே; ஆனால் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, வராமல் போனவர்கள் எந்த வகையில் வேறுபட்டவர்கள் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள் கூப்பனுக்காக வந்தார்களா? நம் ஊரிலிருந்து தோட்டத்தின் பேரில் கடன் வாங்கிக்கொண்டு அங்கே வரும் பையனையும் நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் படிப்பு விலைக்குத் தகுந்ததா என்று கேட்டால், இல்லை என்று குறியிட அவனுக்குக் கை வருமா? அது வீட்டுக்கே பதில் சொல்வது போல. அவனிடம் ஒட்டுமொத்தத் திருப்தியைக் கேட்பதைவிட, கட்டுரையைத் திருத்தி எத்தனை நாளில் கொடுத்தார்கள், அதைப் படித்து அடுத்த கட்டுரையில் எதை மாற்றினாய் என்று கேட்டால் உண்மை வரும் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. பதினொரு பேர் வகுப்பில் ஒருவர் மனம் மாறினாலே விழுக்காடு ஒன்பது புள்ளி நகர்ந்துவிடும், ஆளும் தெரிந்துவிடும். அதற்காகக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொடுத்தேன். இப்போது ஆய்வகப் பொருள்கள் போதவில்லை என்ற குறை எந்தத் துறைக்கு உரியது என்று யாரும் ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்கள். மறைத்தால் குறைக்கு வீடு இல்லை, காட்டினால் மாணவருக்குக் காப்பு இல்லை. சிறு துறைகளை நீ எப்படிக் கையாள்கிறாய்? இரண்டு மூன்று ஆண்டு விடைகளை ஒன்றாகச் சேர்த்துத் துறைவாரியாகக் காட்டலாமா என்று யோசிக்கிறேன். உன் கருத்தை விரிவாக எழுது.

ஆய்வேட்டு வழிகாட்டுதல் பற்றி உங்கள் படிவத்தில் தனிப் பகுதி உண்டு என்றாயே, அந்தக் கேள்விகள் எதையெதைக் கேட்கின்றன என்றும் சொல். எங்கள் பிள்ளைகள் நான்காம் பருவத்தின் பெரும்பகுதியைப் புராஜெக்டிலேயே கழிக்கிறார்கள். வழிகாட்டியை எத்தனை முறை பார்க்க முடிந்தது என்று இதுவரை நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனி மாதம் கல்லூரி திறப்பதற்குள் அப்படிப்பட்ட கேள்விகளை நம் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப எழுதி வைத்துவிட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி