மாப்ளே சாகுலுக்கு, கண்மாய்க் கரையிலிருந்து

மாப்ளே சாகுல்,

பங்குனியில் நீ அவ்வளவு நீளமாக எழுதியதற்கு நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு ஒளிந்துகொண்டதாக ரஹ்மத்திடம் புலம்பினாயாமே. போனில் கூப்பிடலாம்தான். ஆனால் நீ கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, பாதிப் பேச்சில் "ஒரு நிமிஷம்டா" என்று எவனுக்காவது ரொட்டி சானாய்க்குக் கணக்குப் பார்க்கப் போய்விடுவாய். உன் வயலை விற்கிற பேச்சு அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் கடிதம்.

இங்கே எல்லாரும் நலம். அவளுக்கு முழங்கால் வலி அப்படியே, எனக்குச் சர்க்கரை அப்படியே. கத்திரி வெயில் மட்டும் வஞ்சனை இல்லாமல் வளர்கிறது. தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, தொண்டியிலிருந்து வருகிற நாட்டுப்படகு மீனுக்கு அவன் சொன்னதுதான் விலை. உன் தங்கை வீட்டில் நண்டு வைத்ததாகக் கேள்வி. எனக்கு வரவில்லை. சொல்லி வை.

அப்புறம், வீட்டுக்கு ஒரு நாய் வந்திருக்கிறது. இப்போதே சிரிக்காதே, நாயைக் கண்டால் நீ எப்படி ஓடுவாய் என்பது திருவாடானை வரைக்கும் தெரியும். சின்னவன் வேலை விஷயமாக வெளிநாடு போகிறேன் என்று அவனுடைய லாப்ரடாரை என் தலையில் கட்டிவிட்டான். வைத்த பெயர் புரூனோ. நம் தெருவில் பாதிப் பேர் புருணையில் சம்பாதித்துவிட்டு வந்தவர்கள், அவர்கள் வாயில் அது இரண்டே நாளில் 'புருணை' ஆகிவிட்டது. இப்போது அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறது. சென்னை அடுக்குமாடியில் ஏசிக்கு அடியில் வளர்ந்த பிள்ளை. இங்கே எட்டு மணிக்கெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுத் திண்ணையில் சரிந்துவிடும். ஆகவே பொழுது விடிவதற்கு முன்னாலேயே நானும் அதுவும் பெரிய கண்மாய்க் கரைக்குப் போய்விடுகிறோம்.

மே மாதத்துக் கண்மாயை நீ பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்? ஊருக்கு வந்தால் மார்கழி, தையில்தான் வருகிறாய். வைகைத் தண்ணீர் வந்து அலையடிக்கிறதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாய். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பினாங்கில் நீ பெருமையடிக்கிறாயே, அதே கண்மாய் இப்போது மேற்கே கண்ணுக்கு எட்டியவரை வெடித்த தரை, நடுவே சீமைக்கருவேலம், அதற்குள் ஆடு. தண்ணீர் என்று பார்த்தால் மடையை ஒட்டிய பள்ளங்களில் மட்டும்தான். அதிலும் கொக்குகள் இடம் பிடித்து நிற்கின்றன. காற்று துளிக்கூட இருக்காது. கரைக்குக் கிழக்கே மிளகாய்க் களத்தில் காய்கிற முண்டு வத்தலின் நெடி மட்டும் அந்த நேரத்திலேயே மேலே ஏறி வரும். புருணை வரிசையாகத் தும்மும். களத்துக் காவல் கிழவர் ஒவ்வொரு தும்மலுக்கும் "நூறு, இருநூறு" என்று வாழ்த்துவார். நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அதே கிழவர்தான் அதே கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறார்.

இந்த நாய் தண்ணீர்ப் பைத்தியம். பள்ளத்தைப் பார்த்ததும் அறுத்துக்கொண்டு ஓடியது. பாதித் தூரத்தில் ஆள்காட்டிக் குருவி இரண்டு எங்கிருந்தோ கிளம்பி அதன் மண்டையைக் குறிவைத்து இறங்கின பார். என்ன கத்தல்! முப்பது கிலோ நாய், கையகலக் குருவிக்குப் பயந்து என் காலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. விஷயம் என்னவென்றால் அங்கே முட்டை இருக்கிறது. கண்மாய் வற்றுகிற காலம்தான் அவற்றுக்குக் குடும்பக் காலம். கூடு என்று ஒன்றும் இல்லை, வெறும் தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் நாலு கூழாங்கல். மண் நிறத்தில் கறுப்புத் திட்டு போட்ட முட்டை, குனிந்து பார்த்தாலும் தெரியாது. மிதித்துவிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றிலிருந்து கரையை விட்டு இறங்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்கிறேன். அந்தப் பள்ளத்தை விட்டு அடுத்த மடைக்குப் போகிறோம்.

அடுத்த மடை என்றால் உன் மடை. நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

நாய் முங்கிக் குளிக்கிற நேரத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது. மடையின் மேல் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பேன். சோணை பெரியப்பா ஆட்டைப் பத்திக்கொண்டு வருவார். நீர்ப்பாய்ச்சி வேலையை விட்டுவிட்டார் என்றாலும் எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று இன்னும் கேட்ட மாத்திரத்தில் ஒப்பிக்கிறார். அவரோடு வாய்க்கால் வழியாகவே நடந்து பார்த்தேன். ஷட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, திருகினால் ஏறுகிறது. ஊர் வாய்க்காலும் கொஞ்ச தூரத்துக்குச் சுத்தம். அதற்கு அப்புறம் கருவேலம் இரண்டு பக்கமும் கைகோத்துக்கொண்டு நிற்கிறது. நீர்நிலைகளில் இதை வெட்டி எறியச் சொல்லி மதுரைக் கிளை நீதிமன்றம் 2017இல் உத்தரவு போட்டதும், ஊரே அரிவாளோடு இறங்கியதும் நினைவிருக்கும். வெட்டினார்கள், வேரைப் பிடுங்கவில்லை. இப்போது முன்னைவிட அடர்த்தி. கரிமூட்டக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். உன் அத்தா இருந்த காலத்தில் நெல் விளைந்த வயல் தரிசாகக் கிடப்பதற்கு மண் காரணம் இல்லை மாப்ளே. தண்ணீர் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சரி, சூரிய மின் நிலையத்துக்கு நிலம் கேட்டு அலைகிற அந்தத் தரகர் உன் வயலுக்காக உன்னிடம் பேசிவிட்டார் என்று ரஹ்மத் சொன்னாள். நீயும் "பார்க்கலாம்" என்றாயாம். கமுதிப் பக்கம் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததிலிருந்தே தரிசு நிலத்தைத் தேடி இப்படி ஆள்கள் அலைகிறார்கள். சூரிய மின்சாரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மாடியிலேயே நாலு தகடு வைத்திருக்கிறேன். வானம் பார்த்த பூமியில், ஒன்றும் விளையாத களரில் வைக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? இவர்கள் கேட்பது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு நிலத்தை. அதிலும் வாய்க்காலின் தலைப்பில் இருக்கிற துண்டுகளாகப் பார்த்து முதலில் கேட்கிறார்கள். அது தற்செயல் என்று நீ நம்பினால் உன் வியாபார மூளை பினாங்கில் உருகிவிட்டது என்று அர்த்தம்.

ஊர் வாய்க்கால் புறம்போக்கு, அதை எவனும் தொட முடியாது. அதிலிருந்து பிரிகிற கிளை உன் பட்டாவுக்குள் புகுந்துதான் கீழே போகிறது. நீ எழுதிக் கொடுத்து அவன் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டால், கீழே இருக்கிற அத்தனை பேரும் தண்ணீருக்கு அவன் வாசலில் போய் நிற்க வேண்டும். இரண்டு வருஷம் நிற்பார்கள். மூன்றாவது வருஷம் அவன் சொன்ன விலைக்கு அவர்களும் எழுதிக் கொடுப்பார்கள். கீழே இருப்பவர்களில் நானும் ஒருவன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். எனக்காகப் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், பாதி உண்மைதான். ஆனால் சோணை பெரியப்பாவின் ஒன்றரை ஏக்கரும் அங்கேதான் இருக்கிறது. அவருக்கு என்னைப் போல ஓய்வூதியம் வராது.

விற்காதே என்று உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை. மகள் படிப்புக்குப் பணம் வேண்டும் என்பது தெரியும். கடைசியில் விற்றே ஆக வேண்டும் என்றால்கூட வாய்க்கால் பாத்தியத்தை, அதாவது கீழே தண்ணீர் போகிற உரிமையை, பத்திரத்தில் தனியாக எழுதிவிட்டு விற்கலாம். பத்திர எழுத்தரிடம் விசாரித்துவிட்டேன், முடியும் என்கிறார். அத்தாவின் பழைய பத்திரத்தில் மடைப் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம் எல்லாம் விவரமாக இருக்கும், அந்தக் காலத்து ஆள்கள் அதில் கோட்டை விட மாட்டார்கள். பச்சை டிரங்குப் பெட்டியில் இருப்பதாக ரஹ்மத் சொல்கிறாள். சாவி உன்னிடமாம். நீ இல்லாமல் பூட்டை உடைக்க மாட்டேன் என்கிறாள். அவளிடம் போனில் ஒரு வார்த்தை சொல், நான் போய் உடைத்துப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

தரகர் அடுத்த வெள்ளிக்கிழமை முன்பணத்தோடு வருகிறாராம். அதற்குள் பேசு. ஊருக்கு யாராவது கிளம்பினால் கோடாலித் தைலம் இரண்டு பாட்டில் கொடுத்துவிடு, முழங்காலுக்கு. போன தடவை நீ அனுப்பியதை வழியில் யாரோ பாதி காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

உன்
பங்காளி