பூட்டிய கட்டிடம் பற்றி செல்விக்கு

கிங்ஸ் லின்,
அக்டோபர் 12

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். படத்தில் அவள் அப்படியே உங்கம்மா ஜாடை. நாங்கள் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, நடைப்பயிற்சியைத்தான் மழை கெடுத்துக்கொண்டிருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்த விஷயம்தான் மனதை விட்டுப் போகவில்லை. நகராட்சியின் பழைய கட்டிடத்தைப் பூட்டிப்போட்டிருக்கிறார்கள், இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டலாம் என்று மன்றத்தில் தீர்மானம் வரப்போகிறது என்றாய். "அங்கெல்லாம் ஐந்நூறு அறுநூறு வருஷத்துக் கட்டிடத்தை எப்படிடி வெச்சிருக்காங்க? யார் காசு குடுக்குறா?" என்று கேட்டிருந்தாய். கவுன்சிலரான நீ கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. நான் இருக்கிற ஊரே அந்தக் கேள்விக்குப் பதில் மாதிரிதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிங்ஸ் லின் இங்கிலாந்தின் பழைய துறைமுகம். ஜான் மன்னன் 1204இல் கொடுத்த சாசனத்தால் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் உரிமை இந்த ஊருக்கு வந்தது. அப்போதெல்லாம் வியாபாரிகள் கில்ட் என்று சங்கம் சேர்ந்துகொள்வார்கள். சந்தா கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கடன் கிடைக்கும், நொடித்துப்போனவருக்கு உதவி கிடைக்கும், செத்துப்போனவருக்காகப் பூசை நடக்கும், வருஷத்துக்கு ஒரு பெரிய விருந்தும் உண்டு. கூடிப் பேசவும் சாப்பிடவும் அவர்கள் கட்டிக்கொண்ட கூடத்துக்குத்தான் கில்ட்ஹால் என்று பெயர். ஆக, யார் காசு என்று கேட்டாயே, முதலில் மீனும் உப்பும் கம்பளியும் விற்ற காசு. அரசன் சாசனம் கொடுத்தான், சுவரை எழுப்பியது வியாபாரிகள்.

இங்கே அப்படி இரண்டு கூடங்கள் நிற்கின்றன. சனிக்கிழமைச் சந்தைத் திடலில் இருப்பது புனித திரித்துவ சங்கத்தின் கூடம். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன். முகப்பு முழுக்கச் சதுரங்கப் பலகை. பிளந்து பிளந்து மட்டமாக்கிய கரும் சக்கிமுக்கிக் கல் ஒரு கட்டம், வெளிர் சுண்ணாம்புக் கல் அடுத்த கட்டம். மழையில் நனைந்தால் கருங்கட்டம் கண்ணாடி போலப் பளபளக்கும், வெள்ளைக் கட்டம் தண்ணீரைக் குடித்து மங்கிவிடும். பக்கத்தில் 1895இல் புது நகர மன்றம் கட்டியபோதும் அதே சதுரங்க வேலைப்பாட்டைத்தான் தொடர்ந்தார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் இரண்டையும் ஒரே கட்டிடம் என்றே நினைப்பார்கள். நானூற்றைம்பது வருஷம் கழித்து வந்த கொத்தனார்கள் பழையவர்களுக்குக் கொடுத்த மரியாதை அது.

இந்தக் கூடத்துக்கு முன்னால் அந்தச் சங்கத்துக்கு இன்னொரு கூடம் இருந்தது. 1421இல் பெரிய தீவிபத்தில் அது எரிந்துபோனது. அதைப் பற்றி நமக்குச் சொல்பவள் ஒரு பெண், செல்வி. மார்ஜரி கெம்ப். அப்பா இந்த ஊருக்கு ஐந்து முறை மேயராக இருந்தவர். இவள் பதினான்கு பிள்ளை பெற்றவள், சாராயம் வடித்து விற்று நஷ்டப்பட்டவள், ஜெருசலேம் வரை யாத்திரை போய் வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாததால் தன் வாழ்க்கையைப் பிறர் எழுத, வாயால் சொன்னாள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் தன்வரலாறு என்று அதைத்தான் சொல்கிறார்கள். கோவிலில் சத்தம் போட்டு அழுவாளாம். அது ஊரில் நிறையப் பேருக்குப் பிடிக்காது. ஆனால் சங்கக் கூடம் எரிந்து, எதிரே இருக்கும் மார்கரெட் தேவாலயத்துக்கும் தீப்பொறி பறந்தபோது, வழக்கமாக முகம் சுளிப்பவர்களே அவளை அழவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உடையெல்லாம் பனி ஒட்டியபடி சிலர் உள்ளே வந்தார்கள், வெளியே பனி கொட்டித் தீ அடங்கியது என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு 1422இலிருந்து 1428க்குள் எழுப்பியதுதான் இப்போது நிற்கிற சதுரங்கச் சுவர். 1438இல் அந்தச் சங்கத்தின் பதிவில் மார்ஜரி கெம்ப் என்று ஒரு பெயர் ஏறியிருக்கிறது. நம்மவள்தான் என்று நான் நம்புகிறேன். ஒதுக்கப்பட்ட ஒருத்தி கடைசியில் அந்தக் கதவு வழியாக உறுப்பினராக உள்ளே போனாள் என்று நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

1547இல் ஆறாம் எட்வர்டு காலத்தில் இந்தச் சங்கங்களையெல்லாம் கலைத்துவிட்டார்கள். கட்டிடங்கள் இங்கே நகரத்தின் கைக்கு வந்தன. திரித்துவக் கூடத்தில் மன்றமும் நீதிமன்றமும் நடந்தன, பக்கத்திலேயே சிறையும் வந்தது. இப்போது அங்கே ஊர் அருங்காட்சியகம். 1204ஆம் வருஷத்துச் சாசனத்தையும், ஜான் மன்னன் பெயரால் அழைத்தாலும் அவன் போய் நூறு வருஷத்துக்கு மேல் கழித்துச் செய்த வெள்ளிக் கோப்பையையும் அங்கே பார்க்கலாம். பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கிக் காகிதத்தில் எழுதிய ஊர்ப் பதிவேடு ஒன்றும் இந்த ஊரிடம் இருக்கிறது. உங்கள் நகராட்சித் தீர்மானப் புத்தகங்கள் கரையான் அரித்துக் கிடக்கின்றன என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. கட்டிடத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் புத்தகங்களையும் சேர்த்துப் பேசு.

இரண்டாவது, கிங் தெருவில் இருக்கும் புனித ஜார்ஜ் சங்கக் கூடம். இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் இடைக்காலச் சங்கக் கூடங்களில் இதுதான் பெரியது என்கிறார்கள். உன் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. 1445இலேயே இங்கே நாடகம் நடந்த பதிவு உண்டு. ஷேக்ஸ்பியரே இங்கே நடித்தார் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். நிரூபணம் கிடையாது, ஆனால் நடிகர் குழுக்கள் வந்துபோன கூடம் என்பது நிஜம். 1766இல் உள்ளேயே ஒரு நாடக அரங்கு அமைத்தார்கள். நடுநடுவே நீதிமன்றமாக, வெடிமருந்துக் கிடங்காக, கம்பளி மூட்டை அடுக்கும் இடமாக எல்லாம் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில் இடித்துவிடுவார்கள் என்ற நிலை. அலெக்சாண்டர் பென்ரோஸ் என்பவர் தன் பணத்தில் வாங்கிக் காப்பாற்றினார். 1951இல் அது பழைய கட்டிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்கு வந்தது, பழுது பார்த்துத் திரும்பவும் நாடகம் போட்டார்கள். 2023இல் மேல்தளத்தைப் பெயர்த்தபோது அடியில் கிடந்த ஓக் பலகைகள் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கண்டுபிடித்தார்கள். மேலே மேலே புதுத் தளம் போட்டு மூடியதால்தான் அந்தப் பலகைகள் பிழைத்திருக்கின்றன.

இதில் நீ கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டிடத்தை ஐந்நூறு வருஷமாக யாரும் பொக்கிஷம் என்று பாதுகாக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஏதோ ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டது. வேலை இருந்தவரைக்கும் யாராவது ஓடு மாற்றினார்கள், சாக்கடை அடைப்பெடுத்தார்கள். அதனிடம் கேட்க ஒரு வேலையும் இல்லாமல் போனபோதுதான் இடிக்கலாமா என்ற பேச்சு வந்தது. உங்கள் கட்டிடத்துக்கும் ஆபத்து அதன் வயதால் வரவில்லை, அந்தப் பூட்டால்தான் வந்திருக்கிறது.

எனக்கு லின்னை விடப் பிடித்தது ஒன்று சொல்லட்டுமா? சஃபோக் கரையில் ஆல்ட்பரா என்று சின்ன ஊர். ஆகஸ்டில் இவரோடு போயிருந்தேன். அங்கே மூட் ஹால் என்று பதினாறாம் நூற்றாண்டுக் கட்டிடம், மரச்சட்டமும் செங்கலுமாக. கட்டியபோது ஊருக்கு நட்டநடுவில் இருந்தது. அதற்கும் கடலுக்கும் நடுவே இருந்த தெருக்களைக் கடல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டது. இன்று அது கிட்டத்தட்டக் கடற்கரையிலேயே நிற்கிறது, படகுகளும் மீன் விற்கும் கொட்டகைகளும் கொஞ்ச தூரத்தில். கீழ்த்தளத்தில் முன்பு சின்னச் சின்னக் கடைகள். வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு ஏறினால் மாடியில் சபை அறை. சுவரில் ஒரு சூரியக் கடிகாரம், அதில் லத்தீன் வாசகம்: வெயில் நேரத்தை மட்டுமே எண்ணுவேன் என்று அர்த்தமாம். நான் போன நாளில் அது ஒன்றையும் எண்ணவில்லை, அப்படி மூடிக்கொண்டு மழை.

உலகத்திலேயே எனக்குப் பிடித்த சபை அறை அதுதான், ஏனென்றால் 1908இல் எலிசபெத் கேரட் ஆண்டர்சன் மேயராக உட்கார்ந்தது அந்த ஊரில். இங்கிலாந்தின் முதல் பெண் மேயர். பிரிட்டனில் பரீட்சை எழுதி 1865இல் டாக்டராகத் தகுதி பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். நகர மன்றங்களில் பெண்கள் உறுப்பினராகலாம் என்று சட்டம் வந்ததே 1907இல்தான். மறு வருஷமே எழுபத்திரண்டு வயதில் மேயர். பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடும் உரிமை அன்று அவருக்குக் கிடையாது, அது இன்னும் பத்து வருஷம் கழித்துத்தான் வந்தது. வார்டுக் கூட்டத்தில் "உங்க வீட்டுக்காரரை வரச்சொல்லுங்கம்மா" என்று உன்னிடம் சொன்னார்களே, அந்தப் படிக்கட்டில் நின்றபோது அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அதே கரையில் இன்னும் வடக்கே கிரேட் யார்மத். அங்கே டோல்ஹவுஸ், பன்னிரண்டாம் நூற்றாண்டு வியாபாரி வீடு, பிறகு ஊர் நிர்வாகம், நீதிமன்றம், கீழே சிறை. இந்தக் கட்டிடங்கள் பலவற்றிலும் அப்படித்தான், மேலே தீர்ப்பு சொல்வார்கள், கீழே அடைத்துவைப்பார்கள். சேரா மார்ட்டின் என்ற தையற்காரி 1819இல் அந்த இருட்டறைக்குள் போனாள். பெற்ற பிள்ளையை அடித்து நொறுக்கியதற்காக அடைபட்ட ஒருத்தியைப் பார்க்கத்தான் முதலில் போனது. பிறகு வாரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்துப் போய்க் கைதிகளுக்கு எழுத்தும் படிப்பும் தையலும் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொருவரைப் பற்றியும் நோட்டில் குறித்துவைத்தாள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி. கடைசிக் காலத்தில்தான் மன்றம் வருஷத்துக்கு 12 பவுண்டு கொடுக்க முன்வந்தது. 1843இல் இறந்துபோனாள். 1941இல் குண்டு விழுந்து டோல்ஹவுஸ் சேதமானது, திரும்பக் கட்டினார்கள். அந்த அறைகளைப் போய்ப் பார்த்தால் பேச்சு வராது. தாழ்வான கதவு, கல்தரை. சங்கிலியும் விலங்கும் பார்க்கப் பிள்ளைகள் வருகிறார்கள், நான் அந்தத் தையற்காரிக்காகப் போனேன்.

குண்டு என்றதும் இன்னொன்று. போர்ட்ஸ்மத், பிளிமத் இரண்டு துறைமுகங்களின் கில்ட்ஹால்களும் 1941இல் எரிந்து வெறும் சுவராக நின்றன. இரண்டையுமே மீட்டெடுத்து 1959இல் திறந்தார்கள். கூரையே இல்லாத கட்டிடத்தை அவர்களால் திரும்பக் கொண்டுவர முடிந்தது. உங்கள் கட்டிடத்தில் மெட்ராஸ் டெரஸ் கூரை ஒரு பக்கம் ஒழுகுகிறது, அவ்வளவுதானே?

தெற்கே ரை என்ற ஊர் நகர மன்றத்துக்கு இன்னும் போகவில்லை. எடை குறைத்து விற்றதற்கு அபராதம் போட்ட மேயர்மேல் வன்மம் வைத்து, 1743இல் ஒரு கசாப்புக்காரன் ஆள் மாறி மேயரின் மச்சானைக் கொன்றுவிட்டான். விசாரித்துத் தண்டனை கொடுத்தது அதே மேயர். அவன் உடலைத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டு இன்னும் அங்கே இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க ஆசையில்லை. ஆனால் மே மாதம் புது மேயர் பதவியேற்கும் நாளில் சூடான செப்புக்காசுகளை வாரித் தெருவில் இறைப்பார்கள், பிள்ளைகள் கூச்சலிட்டுப் பொறுக்குவார்கள் என்கிறார்கள். அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சரி, உன் மன்றக் கூட்டத்துக்கு வருகிறேன். பழமையான கட்டிடம், பெருமை, பாரம்பரியம் என்று மட்டும் பேசினால் கைதட்டிவிட்டு இடித்துவிடுவார்கள். அதற்கு ஒரு வேலை சொல்லு. பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவைக் கீழே கொண்டுவரலாம், மகளிர் குழுக்கள் கூட மாடி அறையைக் கொடுக்கலாம், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசிப்பறை வைக்கலாம். தினமும் நூறு பேர் ஏறி இறங்கும் கட்டிடத்தை இடிக்க யாருக்கும் துணிச்சல் வராது. எஸ்டிமேட் போடும்போது சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைக் கூப்பிடு, பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசவிடாதே. ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும். இங்கே பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

தீர்மானம் எந்தத் தேதியில் வருகிறது என்று உடனே எழுது. கட்டிடத்தின் படம் நாலு பக்கமும் எடுத்து அனுப்பு, மாடியில் அந்தப் பழைய மரப் படிக்கட்டு இருக்கிறதே, அதையும் சேர்த்து. ஆல்ட்பராவில் மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். அடுத்த கூட்டத்துக்குப் போய், அந்தக் கட்டிடத்தை வைத்துக்கொள்ள வருஷத்துக்கு என்ன செலவாகிறது, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவந்து சொல்கிறேன். உன் கூட்டத்தில் அந்தக் கணக்கு உதவும்.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். அண்ணனை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
கோமதி