வீடு பூட்டிக் கெடந்தா காலி பண்ணிட்டோம்னு அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் ஆடி மாசம் மனைவி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரத்துல ஊர்ல அப்பாவுக்கு பக்கவாதம்னு போன் வந்துச்சு, சென்னைல வாடகை வீட்டப் பூட்டிட்டு திருநெல்வேலிக்கு ஓடினவன் ஆஸ்பத்திரி, வீடுன்னு அலைஞ்சு ஏழு வாரம் கழிச்சுதான் திரும்ப முடிஞ்சது. ஒரு மாச வாடகை பாக்கி, அதுவும் ஓனர்கிட்ட போன்ல சொல்லியிருந்தேன்.

வந்து பாத்தா கதவுல வேற பூட்டு. எங்க சாமான் எல்லாம் மொட்டை மாடில மூட்டையா கெடக்கு, மழைல நனைஞ்சு பாதி வீணாப்போச்சு. கேட்டா "லைட்டே எரியல தம்பி, காலி பண்ணிட்டீங்கன்னு நெனச்சு வேற ஆளுக்கு விட்டுட்டேன்"ங்கறார். அம்பதாயிரம் அட்வான்ஸ் அவர்கிட்டயே இருக்கு, அதக் கேக்காம ஒருத்தன் காலி பண்ணிட்டுப் போவானா? சாமி படத்தக் கூட எடுக்காம போவானா? ஸ்டேஷனுக்குப் போனா சிவில் மேட்டர், பேசித் தீத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க.

அப்புறம்தான் ஒரு வக்கீல் விவரமா சொன்னார். 2019 பிப்ரவரி 22ல இருந்து நம்ம மாநிலத்துல புது வாடகை சட்டம் நடைமுறைல இருக்கு, அதுப்படி ரெண்டு மாச வாடகை பாக்கின்னாலும் நோட்டீஸ் குடுத்து ரென்ட் கோர்ட்ல மனு போட்டு உத்தரவு வாங்கித்தான் ஆளை வெளியேத்தணும், ரிப்பேர் பாக்க உள்ள வரணும்னா கூட 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும், கரண்ட், தண்ணியக் கட் பண்ணவும் கூடாது. வீடு பூட்டிக் கெடக்குது, ஆள் போயிட்டான்னு ஓனரே முடிவு பண்ணி பூட்டை உடைக்கலாம்னு எந்த சட்டத்துலயும் இல்ல. உடைச்சு அடுத்தவன் பொருளத் தூக்கிப் போட்டா அது கிரிமினல் கேஸ் ஆகறதுக்கும் எடம் இருக்கு, அதனால சிவில் மேட்டர்னு சொல்லி திருப்பி அனுப்பறது நியாயமே இல்லைங்க.

இன்னொரு வழியும் இருக்கு, யாரும் நமக்கு சொல்றதில்ல. 1963 குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (இங்கிலீஷ்ல Specific Relief Act) 6வது பிரிவு. நம்ம சம்மதம் இல்லாம, சட்டப்படி இல்லாம வீட்ட விட்டு வெளியேத்தினா சிவில் கோர்ட்ல கேஸ் போட்டு திரும்ப உள்ள போகலாம், வீடு யாருக்கு சொந்தம்ங்கற பேச்சே அங்க எடுபடாது, நாம அங்க குடியிருந்தமா, எப்படி வெளியேத்தினாங்கன்னுதான் பாப்பாங்க. ஆனா வெளியேத்தின நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள போடணும்.

எனக்கு இது தெரியறப்போ எட்டு மாசம் ஓடிப்போச்சு. இப்ப அட்வான்ஸுக்காக மட்டும் அலைஞ்சிட்டிருக்கேன். ஊருக்குப் போறவங்க ஓனருக்கு "இன்ன தேதிக்கு வரேன்"னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது போட்டு வைங்க, வாடகைய ஜிபேல அனுப்புங்க, பூட்டுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற சாமான போட்டோ எடுத்துக்கங்க, எங்கிட்ட அதுல ஒண்ணு கூட இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேளச்சேரி