ஆட்டுக்கல்லுக்கு எதற்குப் பெயின்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கழித்துப் போட்ட சாமான்களால் தோட்டத்தை அலங்கரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் மனைவி கத்தரித்து, மதியச் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கடைக்கு அனுப்பியிருந்தாள். தருமபுரியில் 32 ஆண்டுகளாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பழையதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, எந்த அண்டா யார் வீட்டுச் சீர் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஆகவே இதில் எனக்கும் இரண்டு வார்த்தை பேச உரிமை உண்டு.

கட்டுரையில் பெரிய குறை இல்லை. படங்களைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. ஆட்டுக்கல்லுக்கு ரோஸ் நிறம், அம்மிக்கு நீலம், பித்தளைச் சொம்புக்கு வெள்ளை எனாமல், அதன்மேல் மஞ்சள் பூக்கள்! இத்தனையும் பூசி முடித்த பிறகு அது பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லாக இருந்தால் என்ன, சந்தையில் வாங்கிய சிமென்ட் தொட்டியாக இருந்தால் என்ன?

எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மாவின் ஆட்டுக்கல் இருக்கிறது. கிரைண்டர் வந்த பிறகு குழவி எங்கோ போய்விட்டது. கல் மட்டும் மாதுளைச் செடிக்குக் கீழே கிடக்கிறது. குழியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டுக் குளிக்கும். அதன் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். மாவைத் தள்ளித் தள்ளிவிட்ட அம்மாவின் இடது கை தேய்த்த இடம் அது. குழிக்குள் விரலை விட்டால் சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்படும். கல் கொத்துகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்து, திண்ணையோரம் உட்கார்ந்து உளியால் கொத்திவிட்டுப் போனவை. பெயின்ட் அடித்தால் முதலில் அடைபடுவது அந்தப் பள்ளங்கள்தான். பிறகு அந்தக் கல்லில் பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

பழைய பொருளால் அலங்கரிப்பதை வெளிநாட்டார் கற்றுக்கொடுத்த நாகரிகம்போல் கட்டுரையாளர் எழுதியிருப்பதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விரிசல் விட்ட மண்சட்டியைக் கவிழ்த்து, கரி பூசி, சுண்ணாம்பால் வெள்ளைப் புள்ளி குத்தி, கழியில் மாட்டிக் கொல்லையில் நிறுத்திய சனங்கள் நாம். திருஷ்டிக்கு என்று சொல்லிக்கொண்டாலும், பார்க்க ஒரு அழகு வேண்டும் என்றுதானே அதற்குக் கண்ணும் மீசையும் வரைந்தார்கள்? சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957இல் தொடங்கி, உடைந்த வளையல், பீங்கான் ஓடு, கழிப்பறைப் பீங்கான் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, அரசுக்கே தெரியாமல் காட்டுக்குள் ஒரு சிற்பத் தோட்டம் கட்டினார். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவருடைய பொம்மைகள் உடுத்தியிருப்பது வளையல் துண்டுகள் என்று எட்ட நின்று பார்க்கும்போதே தெரியும். ஒன்றையும் அவர் வேறொன்றாக மறைக்கவில்லை.

கட்டுரையாளர் ஒரு வரியில் தாண்டிவிட்ட விஷயம் கொசு. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், கொசுப்புழு தேடி வீடு வீடாக வந்த பெண் நேராக என் ஆட்டுக்கல்லிடம் போனார். “தினமும் தண்ணீர் மாற்றுகிறேன், அம்மா” என்றேன். அவர் டார்ச் அடித்துக் காட்டினார். குழிக்குள் புழுக்கள் நெளிந்தன. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டை ஒட்டும். தண்ணீரைக் கொட்டினாலும் அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வெறுமனே கொட்டி நிரப்பினால் போதாது, தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது வாரம் இரண்டு முறை தேய்க்கிறேன். தொங்கவிட்ட டயர், மூடியில்லாத குக்கர், கவிழ்க்காமல் வைத்த கொட்டாங்குச்சி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அடியில் ஓட்டை போட முடியாத எதையும் செடித்தொட்டியாக வைக்காதீர்கள்.

உலோகத்தில் செடி வைப்பவர்களுக்கு இன்னொன்று. ஓசூரிலிருந்து வாங்கிவந்த ரோஜாக் கன்றை அலுமினிய அன்னக்கூடையில் வைத்தேன். சித்திரை வெயிலில் தொட்டால் கை சுடும் அளவுக்குக் கூடை காய்ந்து, வேர் வெந்துபோனது. அதன்பிறகு உள்பக்கம் தேங்காய் மட்டையை நெருக்கமாக அடுக்கிவிட்டு மண் போடுகிறேன், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைக்கிறேன். பிளாஸ்டிக் குடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு வரிசையில் நின்ற குடங்கள் எங்கள் வீட்டில் ஏழெட்டு இருந்தன, வெட்டிப் பூந்தொட்டியாக்கினேன். இரண்டு கோடையில் வெயில் தின்று, கிள்ளினால் உதிரும் வற்றலாகிவிட்டன. செடிக்கு விடும் போர்வெல் தண்ணீர் எங்கள் பக்கம் எதில் பட்டாலும் வெள்ளையாகப் படலம் கட்டும். சொம்பில் கட்டினால் புளி போட்டுத் தேய்த்தால் போகும். பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறினால், வெளியில் வைக்கிற அலங்காரச் சாமானுக்கு அதுவும் ஒரு நிறம்தான், விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுத்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது இட்லித் தட்டுதான். நான்கு அடுக்கு, நடுக்கம்பி உடைந்தது. தட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலியில் கோத்து, கடையில் பூட்டில்லாமல் அநாதையாகக் கிடந்த சாவிகளைச் சுற்றிலும் கட்டி வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டேன். காற்றடித்தால் மணிபோல் பேசும். இட்லிக் குழியில் கம்பு போட்டால் அணில் வரும். களி கிண்டித் தேய்ந்த துடுப்பைக் கறிவேப்பிலைக்கு ஊன்றுகோலாக நட்டேன். அது வேலை செய்கிறதா அழகுக்கு நிற்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போதெல்லாம் பெங்களூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து, பண்ணை வீட்டுக்கு என்று ஆட்டுக்கல், திரிகை, உரல் கேட்கிறார்கள். கொடுப்பவர் மனமொப்பிக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சென்ற ஆண்டு ஒருவர், “உருவம் செதுக்கிய பழைய கல் ஏதாவது கிடைக்குமா? எவ்வளவு ஆனாலும் தருகிறேன்” என்றார். தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் இருந்த காலம் தொட்டு எங்கள் பக்கம் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் கல் அது. கையில் வில், உடம்பில் அம்பு, மேலே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து; பிறர் கவர்ந்த மாட்டு மந்தையை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் நட்ட நடுகல். பல ஊர்களில் இன்றைக்கும் வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறார்கள். அது வீட்டுச் சாமானும் இல்லை, கழித்துப் போட்டதும் இல்லை. நிலத்தில் அப்படி ஒரு கல்லைப் பார்த்தால் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று உங்கள் பத்திரிகை ஒரு பெட்டிச் செய்தி போட்டால் நல்லது.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது கட்டுரை மட்டுமல்ல. போன வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் ஆட்டோவில் ஆட்டுக்கல்லை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். உங்கள் படத்தில் உள்ள அதே ரோஸ் நிறம். மாமியாருடைய கல்லாம். ஊரிலிருந்து வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். “அண்ணா, இந்தச் சாயத்தை எடுக்க வழி இருக்கிறதா?” என்று கேட்டார். பெயின்ட் ரிமூவர் தடவி, கம்பி பிரஷ் போட்டு நானும் கடைப் பையனும் இரண்டு நாள் தேய்த்தோம். மேல்பரப்பில் கல் நிறம் வந்துவிட்டது. உளிப் பள்ளங்களுக்குள் மட்டும் ரோஸ் போகவே இல்லை. திருஷ்டிச் சட்டிபோல் உடம்பெல்லாம் புள்ளி. கொண்டுபோய் வாசலிலேயே வைத்துவிட்டார்களாம்.

இப்படிக்கு,
பாத்திரக் கடைக்காரர்,
தருமபுரி.